அப்பாயிக்காக ஒரு நாள் கூடுதல்: மழைக்காலத்தில் பெரியவர்களை எங்கே அழைத்துப் போகலாம்?

செப்டம்பர் கடைசி வாரம் வந்தால் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் தவறாமல் ஒரு அசைன்மென்ட் விழும். "சீனியர் சிட்டிசன்களுக்கு ஆட்டம் சீசன்ல ஜாலியா என்னென்ன செய்யலாம்னு ஒரு ஸ்டோரி கொடும்மா."

இணையத்தில் தேடினால் சிவப்பும் மஞ்சளுமாக இலை கொட்டிக் கிடக்கும் பூங்கா, கையில் காபி கோப்பையோடு வெள்ளை முடிப் பாட்டி. படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், நம் ஊர் வேப்பமரம் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். ஐப்பசியில் இங்கே உதிர்வது மழைதான்.

வீட்டுக்குப் போய் அப்பாயியிடமே கேட்டேன். (அப்பாவின் அம்மா. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். வயது 76.) "அப்பாயி, ஆட்டம் சீசன்ல எங்க போலாம்?"

"இந்த வயசுல எனக்கு என்னாத்த ஆட்டம் பாப்பா? மூட்டுதான் ஆடுது" என்றார்.

சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். இரண்டு வருடம் முன்பு அவர் சொன்னதும் இதே போன்ற பதில்தான். அன்றும் நான் சிரித்துவிட்டுத்தான் நகர்ந்தேன். அதன் விலை என்ன என்று தெரிந்ததால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

ஒரே நாளில் ஐந்து கோயில்

இரண்டு வருடத்துக்கு முந்தைய புரட்டாசி. சனிக்கிழமை. "அப்பாயியை வெளியில கூட்டிட்டுப் போய் எவ்வளவு நாளாச்சு" என்று நான்தான் ஆரம்பித்தேன். வாடகைக் கார் பேசினோம். ஒரே நாளில் ஐந்து பெருமாள் கோயில். கூகுள் மேப்ஸில் வரிசை போட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்றுகூட எழுதி வைத்திருந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு!

முதல் கோயிலிலேயே ஒன்றரை மணி நேரம் வரிசை. உட்கார இடம் இல்லை. இரண்டாவது கோயிலில் கழிப்பறைக்குப் பூட்டு. மூன்றாவதில் திறந்திருந்தது, ஆனால், படி ஏறிப் போக வேண்டும், உள்ளே ஈரத்தரை. அப்பாயி எட்டிப் பார்த்துவிட்டு "வேணாம், வா" என்று திரும்பிவிட்டார். நான்காவது கோயில் வாசலில் காரை விட்டு இறங்கும்போது தலைசுற்றி, கார்க் கதவைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் இருந்த க்ளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "காலையிலிருந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்கம்மா?"

அப்பாயி என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஒரு வாயி காபி குடிச்சேன். அதுவும் வீட்டுல."

காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பியவர். மணி அப்போது மதியம் இரண்டு. தண்ணீர் குடித்தால் அடிக்கடி பாத்ரூம் தேட வேண்டும், எங்களுக்குத் தொந்தரவு என்று, கையில் கொடுத்த பாட்டிலைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். காலையில் போட வேண்டிய பிரஷர் மாத்திரையையும், "அதைப் போட்டா ஒண்ணுக்கு வரும்" என்று விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் எங்கேயும் வரவில்லை. கல்யாணமா, "நீங்க போயிட்டு வாங்க." பீச்சா, "நீங்க போயிட்டு வாங்க." தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குக்கூட "இங்கேர்ந்தே கும்பிட்டுக்குறேன்." தாத்தா போய் அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் இருந்தவரை இரண்டு பேரும் சேர்ந்து மார்க்கெட் வரையாவது போய் வருவார்கள். அதுவும் நின்று, ஹால் நாற்காலி, டிவி, ஜன்னல் என்று அவருடைய ஊர் சுருங்கிக்கொண்டே வந்தது.

மூட்டுவலிதான் காரணம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"எனக்குப் போகணும்னு இருக்கிறது வேற இடம்"

போன வருடம் ஐப்பசியில் ஒரு நாள் மழை, கரண்ட் இல்லை. டிவி ஓடவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் சும்மா பேசிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அந்த அஞ்சு கோயில்ல உனக்கு எது அப்பாயி ரொம்பப் பிடிச்சது?"

"அஞ்சுமே நான் கேக்கலியே பாப்பா. நீதான லிஸ்ட்டு போட்ட?"

சுருக்கென்றது. "சரி, உனக்கு எங்க போகணும்?"

"எனக்கு எதுக்கு…" என்று வழக்கம்போல ஆரம்பித்தார். இந்த முறை நான் நகரவில்லை. கரண்டும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "மாயவரம் துலாக் கட்டத்துல ஒருக்கா கால் நனைக்கணும். பதினோரு வருசம் ஆச்சு."

மயிலாடுதுறையைப் பெரியவர்கள் இன்னும் மாயவரம் என்றுதான் சொல்வார்கள். 'ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது' என்ற பழமொழிக்குச் சொந்தக்கார ஊர். ஐப்பசி மாதம் முழுக்க அங்கே காவிரியில் துலா நீராடல். பாவம் செய்தவர்கள் எல்லாரும் கங்கையில் முழுகி முழுகி, கங்கையின் மேலேயே பாவம் சேர்ந்துவிட்டதாம். அதைக் கழுவ கங்கையே ஐப்பசியில் மாயவரம் காவிரிக்கு வருவதாக நம்பிக்கை. மாதத்தின் கடைசி நாள் கடைமுழுக்கு. ஊர்க் கோயில் சுவாமிகள் எல்லாம் காவிரிக் கரைக்கு எழுந்தருள்வார்கள். கூட்டம் அலைமோதும்.

"கடைமுழுக்குக் கூட்டத்துல உன்னை எப்படி அப்பாயி கூட்டிட்டுப் போறது?" என்றேன்.

"கடைமுழுக்குக்கு யாரு கேட்டா? முடவன் முழுக்குக்குப் போவோம்."

எனக்குத் தெரியாத கதை அது. நடக்க முடியாத ஒருவர் துலா முழுக்குக்காக வெகுதூரத்திலிருந்து கிளம்பி வந்தாராம். மெதுவாக, தவழ்ந்து, தங்கித் தங்கி வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. கரையில் உட்கார்ந்து இறைவனிடம் அழுதார். "உனக்காக இன்னும் ஒரு நாள். நாளைக்கு முழுகினாலும் அதே புண்ணியம்தான்" என்று வரம் கிடைத்தது. அப்படி வந்ததுதான் கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு. இப்போது நாம் அந்த வார்த்தையை ஒரு மனிதருக்குச் சொல்ல மாட்டோம். ஆனால், விழாவின் பெயர் இன்றும் அதுதான்.

"நான்தான் இப்ப முடவன். எனக்குன்னு ஒரு நாளு அங்க இருக்குல்ல?" என்று அப்பாயி காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

மாயவரத்தில் ஒன்றரை நாள்

இந்த முறை நான் லிஸ்ட் போடவில்லை. ஒரே இடம், ஒன்றரை நாள் என்று முடிவு செய்தோம். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பா, நான், அப்பாயி மூன்று பேரும் முதல் நாள் பகல் ரயிலில் கிளம்பினோம். காரைவிட ரயில் அவருக்கு வசதி என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. காலை நீட்டலாம், எழுந்து நாலடி நடக்கலாம், கழிப்பறை பத்தடியில் இருக்கிறது. விழுப்புரம் தாண்டுவதற்குள் அரை பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டார். நான் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

தங்குவதற்கு ஒரு மாதம் முன்பே லாட்ஜில் சொல்லி வைத்தோம். போனில் நான் கேட்ட கேள்விகளில் அந்த மேனேஜர் கொஞ்சம் மிரண்டுதான் போனார். தரைத்தளத்தில் ரூம் இருக்கிறதா? வெஸ்டர்ன் டாய்லெட்டா? வாசலில் எத்தனை படி? பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? "எத்தனை ரூபா"தான் கடைசிக் கேள்வி.

மறுநாள் கார்த்திகை ஒன்று. காலை எட்டு மணிக்குக் கட்டத்துக்குப் போனோம். முந்தின நாள் கூட்டத்தின் மிச்சமாக வாழையிலையும் பூவும் கரையில் கிடந்தன. ஆட்கள் இருந்தார்கள், ஆனால், இடிக்கவில்லை. பலர் அப்பாயி வயதுக்காரர்கள். கைத்தடியோடு ஒருவர், மகன் தோளைப் பிடித்தபடி ஒருவர். யாரும் யாரையும் "சீக்கிரம்" என்று சொல்லவில்லை.

படி ஈரமாக இருந்தது. தண்ணீருக்குள் இறங்க வேண்டாம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். லாட்ஜில் கேட்டு வாங்கி வந்த பிளாஸ்டிக் ஸ்டூலை மேல்படியில் காய்ந்த இடத்தில் போட்டோம். அப்பா சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து அப்பாயியின் காலில் ஊற்றினார். கையில் கொஞ்சம் வாங்கித் தலையில் தெளித்துக்கொண்டார். "ஆச்சு, முழுக்கு ஆச்சு" என்றார்.

அதோடு கிளம்பிவிடுவோம் என்று நினைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. ஆற்றைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார்.

கல்யாணமான முதல் வருடம் தாத்தா அவரை சைக்கிளில் வைத்து இதே கடைமுழுக்குக்கு அழைத்து வந்தாராம். முழுகிவிட்டு மேலே வந்தால் தாத்தாவின் புதுச்செருப்பைக் காணோம். "கல்யாணத்துக்கு எங்கப்பா வாங்கிக் குடுத்த செருப்பு. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாருன்னு ஊரு வரைக்கும் வெறுங்காலோட மிதிச்சுக்கிட்டே பொலம்புறாரு. நான் பின்னாடி உக்காந்துக்கிட்டு சிரிப்ப அடக்க முடியாம முந்தானையக் கடிச்சுக்கிட்டு வாரேன்."

சொல்லிக்கொண்டே இப்போதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அப்பா சொம்போடு அப்படியே நின்றுவிட்டார். அவருக்கும் இந்தக் கதை தெரியாதாம். தாத்தாவைப் பற்றிப் பேசும்போது அப்பாயி சிரித்து நாங்கள் பார்த்தது, அவர் போன பிறகு அன்றுதான்.

இரண்டு மணி நேரம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பூ விற்கும் அம்மாவோடு ஊர்க்கதை பேசினார். இரண்டு தடவை ரூமுக்குப் போய் வந்தோம். ஐந்து நிமிட ஆட்டோ. மயூரநாதர் கோயிலுக்குப் போகலாமா என்று அப்பா கேட்டதற்கு "சாயந்தரம் பாத்துக்கலாம், இப்ப படுக்கணும்" என்றார். அதை வாய்விட்டுச் சொன்னார் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

இந்த சீசனில் வேறு என்ன செய்யலாம்?

எல்லாருக்கும் மாயவரம் ஆசை இருக்காது. புரட்டாசி முதல் மார்கழி வரை, வெயில் தணிந்த இந்த நான்கு மாதத்தில் பெரியவர்களுக்கு ஏற்ற விஷயங்கள் நிறைய உண்டு. விழா நாளின் உச்சத்தைத் தவிர்த்து முன்பின் ஒரு நாள் போனாலே பாதிச் சிரமம் குறைந்துவிடும்.

கொலு: நவராத்திரியில் நாலு வீட்டுக்கு நடக்க வைப்பதைவிட, நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்பு வார நாளில் காலையில் பொம்மைக் கடைக்கு அழைத்துப் போங்கள். சென்னை என்றால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதி. மதுரைக்காரர்கள் பொம்மை செய்யும் விளாச்சேரிக்கே போகலாம். ஒரே ஒரு பொம்மை. ஆனால், அவர் தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும். பழைய பொம்மைக்கு வண்ணம் அடிப்பது பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்ய நல்ல வேலை.

புரட்டாசி யாத்திரை: அறநிலையத் துறை 60 முதல் 70 வயது வரை உள்ளவர்களைப் புரட்டாசியில் வைணவக் கோயில்களுக்குக் கட்டணமின்றி அழைத்துப் போகிறது. வருமான வரம்பு உண்டு. விவரத்தை அருகிலுள்ள அறநிலையத் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். தன் வயதுக்காரர்களோடு போவது பலருக்கு நம்மோடு வருவதைவிடப் பிடிக்கிறது. கோபித்துக்கொள்ளக் கூடாது!

அன்னாபிஷேகம்: ஐப்பசிப் பௌர்ணமியில் சிவன் கோயில்களில் நடக்கும். கங்கைகொண்ட சோழபுரத்தில், 13 அடி லிங்கத்தை மூட்டை மூட்டையாக அரிசி வடித்து மூடுவது பார்க்க வேண்டிய காட்சிதான். அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாதவர்களுக்குத் தெருக்கோடி சிவன் கோயில் போதும். அங்கேயும் அதே அன்னம், அதே பௌர்ணமி.

கல்லறைத் திருநாள்: நவம்பர் 2. கிறிஸ்தவக் குடும்பங்களில் பெரியவர்களுக்கு மிக முக்கியமான நாள். துணையின் கல்லறைக்குப் பூவும் மெழுகுவத்தியும் கொண்டுபோக நினைப்பவரை "மழையில எதுக்கு" என்று தடுக்காதீர்கள். மடக்கு நாற்காலி ஒன்றும் பெரிய குடையும் எடுத்துக்கொண்டால் நிதானமாக உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வரலாம்.

வேடந்தாங்கல்: சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். மழை பெய்து ஏரி நிறைந்தால் நவம்பரிலிருந்து பறவைகள் வரத்து. நத்தை குத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் என்று மரம் முழுக்க இருக்கும். கரை மேல் நின்றாலே தெரியும். காட்சிக் கோபுரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. காலையோ, பறவைகள் கூடு திரும்பும் மாலை நேரமோ நல்லது. தென்மாவட்டத்துக்காரர்களுக்கு சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி இருக்கிறது. அங்கே பறவைகளுக்காகப் பக்கத்து கிராம மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

மதியக் கச்சேரி: மார்கழி சீசனில் சென்னை சபாக்கள் பலவற்றில் வளரும் கலைஞர்களின் பகல் நேரக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. மெத்தை நாற்காலி, பக்கத்திலேயே கேன்டீன். பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து வந்து தோசை சாப்பிடலாம்.

வீட்டிலேயே: வெளியே வர முடியாதவர்களும் உண்டு. தீபாவளி லேகியத்தை இந்த வருடம் கடையில் வாங்காமல் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் கிளறுங்கள். கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிக்கப் பாகுப் பதம் சொல்ல அவரை விட்டால் வேறு யார்? செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் லேகிய வீடியோவில் பாதி நேரம் எனக்குத் திட்டுதான். இருந்தாலும் அழிக்க மாட்டேன்.

கிளம்பும் முன்

* கழிப்பறை முதலில்: எங்கே, எப்படிப்பட்டது, எத்தனை படி என்று முன்பே விசாரியுங்கள். அரை நாளுக்காவது பக்கத்தில் ரூம் எடுப்பது வீண்செலவு இல்லை. "ரூம் இருக்கு, தாராளமா தண்ணி குடிங்க" என்று அவரிடம் சொல்லியும் விடுங்கள்.
* மாத்திரை: பயணத்துக்காக எந்த மாத்திரையையும் தானாக விடக் கூடாது. சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரை என்றால், நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டின் போட்டோ உங்கள் போனில் இருக்கட்டும்.
* சாப்பாடு: சர்க்கரை உள்ளவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தள்ளக் கூடாது. கையில் ஏதாவது இருக்கட்டும்.
* கால்: மழைக்காலத்தில் வழுக்காத, பின்பட்டி வைத்த செருப்பு. கைத்தடியின் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். குடையைக் கைத்தடியாக ஊன்ற விடாதீர்கள்.
* ரயில்: முன்பதிவில் வயதைச் சரியாகப் போடுங்கள். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு, இடம் இருந்தால் கிடைக்கும். பெரிய ஸ்டேஷன்களில் வீல்சேர், பேட்டரி கார் கேட்டுப் பெறலாம்.
* பஸ்: சென்னையில் வசிக்கும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் உண்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை.
* வானிலை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. முந்தின நாள் இரவு அறிவிப்பைப் பாருங்கள். கனமழை என்றால் தள்ளிப்போடுங்கள்.
* உதவி எண்கள்: மூத்த குடிமக்கள் உதவிக்கு 14567, ஆம்புலன்ஸுக்கு 108. அவருடைய போனிலேயே பதிந்து வையுங்கள்.
* நேரம்: ஒரு நாளைக்கு ஒரே இடம். நடுவில் படுக்க நேரம்.

இதையெல்லாம் செய்தும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டால் பயன் இல்லை. எங்கே போகணும் என்று அவரிடமே கேட்க வேண்டும். முதல் பதில் அநேகமாக "எனக்கு எதுக்கு" என்றுதான் வரும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். இரண்டாவது பதில் வர நேரமாகும். எங்கள் வீட்டில் கரண்ட் போக வேண்டியிருந்தது.

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பாயி ரூம் வாசலில் வந்து நின்றார். கையில் தினசரி காலண்டர்.

"பாப்பா, இந்த வருசம் கார்த்திகை ஒண்ணு என்னா கெழமைன்னு பாரு. எனக்கு எழுத்து தெரிய மாட்டேங்குது."

பார்த்துச் சொன்னேன். விரலை மடக்கி நாளை எண்ணினார்.

"அந்த ஸ்டூலு லாட்ஜுல இருக்குமுல்ல? இல்லாட்டி நம்ம வீட்டுலேர்ந்தே ஒண்ணு எடுத்துக்குவோம்."